ஆட்டத்திற்கு இட்ட மதிப்பெண்



எங்கள் ஊர் கண்டாச்சிபுரம். விழுப்புரத்திலிருந்து வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், பாறைக் குன்றுகளின் நடுவே அமைந்த ஊர் அது. ஆடு மேய்ப்போர் அக்குன்றுகளின் அடிவாரத்தில் வெயில் தணியும்வரை அமர்ந்து, பாறையின்மேல் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவதை இளமையில் பலகாலும் கண்டிருக்கிறேன். புலி 3, ஆடு 15, கோடுகள் கூடும் இடங்கள் 23. புளியங்கொட்டை ஆடாகும்; கூழாங்கல் புலியாகும். அவ்வாட்டம் நல்லதா, வாங்கத்தக்கதா என்று எவரும் எவரையும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவைதான் என்ன? களம் கண்ணெதிரே கிடக்கிறது. ஆடுவோர் இருவர் என்றால், அவர்கள் தோளுக்குப் பின்னால் ஐவர் நின்று பார்க்கின்றனர். பிடித்தால் அமரலாம்; பிடிக்காவிடின் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். காசு கேட்பார் அங்கு எவருமில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இதற்கு நேர்மாறான ஆட்டங்களைப் பற்றியது. 1980ஆம் ஆண்டினை ஒட்டி, வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க சிறு கணிப்பொறிகள் மேலைநாடுகளில் பெருவாரியாக விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஆடுதற்குரிய ஆட்டங்கள் பெரும்பாலும் ஒலிநாடாவில் பதிந்து விற்கப்பட்டன. பாட்டுக் கேசட்டும் ஆட்டக் கேசட்டும் பார்வைக்கு ஒன்றே. உறையின்மேல் வண்ணப்படம் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதோ, பணத்தைக் கொடுத்து, வீட்டிற்கு எடுத்துச்சென்று, நாடாவை ஓடவிட்டு, நிமிடங்கள் பல காத்திருந்த பின்னரே தெரியவரும். உறையில் பறவைநாகம் தீ உமிழும். திரையில் நான்கு கட்டங்கள் நகரும். வாங்கியவன் ஏமாந்தது ஏமாந்ததுதான். இங்கிலாந்தில் ஓர் ஆட்டத்தின் விலை ஏறக்குறைய 5 பவுனிலிருந்து 10 பவுன்வரை இருந்தது. பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு அது பல வாரக் கைச்செலவுப் பணம். இந்த இருட்டிலேதான் ஆட்ட மதிப்புரை என்னும் புதுவகை எழுத்து வேர்விட்டது. அதன் வரலாற்றையும், அதன் ஒரு துளி எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் வந்து விழுந்த கதையையும் சொல்ல விரும்புகிறேன். முன்னதை நூல்வழி அறிந்தேன். பின்னதில் எனக்கும் ஒரு பங்குண்டு. பெருமைப்படத்தக்க பங்கு அன்று.

கணிப்பொறி ஆட்டத்தின் கதையில் ஆசிரியர்க்குத் தொடக்கத்திலேயே இடமுண்டு என்பதைப் பலர் அறியார். 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டான் ராவிட்ச், பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்னும் மூவர் ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தனர். ராவிட்ச் எட்டாம் வகுப்பிற்கு வரலாறு நடத்தவேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்குத் திசை நோக்கிச் சென்ற குடியேறிகளின் பயணம் அவருடைய பாடம். கணிதம் பயின்ற நண்பர் இருவரும் அதனை ஓர் ஆட்டமாக எழுதிக் கொடுத்தனர். திரையும் அக்காலத்தில் இல்லை. தட்டச்சுப்பொறி போன்ற கருவி கேள்வியைத் தாளில் அச்சிடும், மாணவர் விடையைத் தட்டுவர். உணவிற்கு எவ்வளவு, எருதிற்கு எவ்வளவு, தோட்டாவிற்கு எவ்வளவு என்று பணத்தைப் பங்கிடவேண்டும்; பங்கீடு தவறினால் வழியில் மடியவேண்டும். பயிற்சிப் பருவம் முடிந்ததும் நிரலைக் கணிப்பொறியிலிருந்து அழித்துவிட்டனர். ஆனால் ராவிட்ச் அதன் தாட்படியைப் பத்திரமாக வைத்திருந்தார். 1974இல் மாநிலக் கல்விக் கணிப்பொறி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபின், தாளைப் பார்த்து மறுபடியும் தட்டி ஏற்றினார். அம்முறை அவர் ஒன்று செய்தார்: குடியேறிகள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் மழையும் களவும் மெய்யாகவே எத்துணை முறை நேர்ந்தன என்று கணக்கிட்டு, அதற்கேற்ப ஆட்டத்தைத் திருத்தினார். ‘ஒரிகன் டிரெயில்’ என்று பெயர் பெற்ற ஆட்டம் இதுவே. இந்தத் திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

அக்காலத்தில் ஆட்டம் பெரும்பாலும் அச்சிலேயே பரவியது. டேவிட் ஆல் என்பவர் 1973இல் 101 ஆட்டங்களின் நிரல்களைத் தொகுத்து நூலாக்கினார். 1978இல் சிறு கணிப்பொறிகளுக்கேற்ப வெளிவந்த அதன் புதுப்பதிப்பு பத்து இலட்சம் படிகளுக்குமேல் விற்றது. படிப்பவர் ஒவ்வோர் எழுத்தாகத் தாமே தட்டவேண்டும். ஒரு காற்புள்ளி பிழைத்தால் ஆட்டம் ஓடாது. அதனைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே பலர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டனர். வானொலிக்கும் இதில் பங்குண்டு. நாடாவில் பதிந்த நிரலைக் காதால் கேட்டால் கீச்சென்ற இரைச்சலாக இருக்கும். இரைச்சலாயினும் ஒலிதானே? ஒலியானால் அதனை ஒலிபரப்பலாம் அன்றோ? 1980களின் முற்பகுதியில் நெதர்லாந்து நாட்டு வானொலி நிரல்களை இவ்வாறு ஒலிபரப்பியது. யூகோஸ்லாவியாவின் பெல்கிரேட் வானொலியிலோ சோரான் மோட்லி என்பவர் தம் நிகழ்ச்சியில் 1983 முதல் இதனைச் செய்தார். நேயர்கள் பதிவுக் கருவியை வைத்து அவ்விரைச்சலைப் பிடித்துத் தம் பொறியில் ஏற்றி ஆடினர். வானொலியில் இரைச்சல் வந்தால் நிலையத்தைத் திட்டுவதே நமக்கு வழக்கம்; இரைச்சலுக்காகக் காத்திருந்த நேயர்களும் உலகில் இருந்திருக்கின்றனர்!

எழுதிப்பெறுவதும் இலவசமாய்ப் பிடிப்பதும் விற்பனைப் பொருளானவுடன் நிலைமை மாறியது. 1981இல் அமெரிக்காவில் ‘எலெக்ட்ரானிக் கேம்ஸ்’ என்னும் இதழ் வெளிவந்தது. அவ்வாண்டு நவம்பரில் இங்கிலாந்தில் ‘கம்ப்யூட்டர் அண்டு வீடியோ கேம்ஸ்’ தோன்றியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கிளைவ் சின்கிளேரின் ‘ஸ்பெக்டிரம்’ 125 பவுன் விலையில் வந்து, நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைந்துகொண்டது. ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. வீட்டு மாடியறையில் இருந்து எழுதி, அஞ்சலில் விற்ற பதினேழு பதினெட்டு வயதினரும் அவற்றை ஆக்கியோரில் இருந்தனர். நெல்லும் பதரும் கலந்துவந்த அக்களத்தில் முறம் எடுத்துப் புடைக்க ஒருவர் வேண்டியிருந்தது.

புடைத்தவர் யார் என்பதுதான் வியப்பு. 1984 பிப்ரவரியில் ‘கிராஷ்’ என்னும் மாத இதழ் தொடங்கியது. தொடங்கிய இடம் இலண்டன் மாநகரம் அன்று. ஷிராப்ஷயர் மாவட்டத்து லட்லோ என்னும் சிறு நகரம். நம் திண்டிவனம், செஞ்சி போன்று கோட்டையும் சந்தையும் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கியத் திறனாய்வாளர் எவரையும் அவ்விதழினர் அமர்த்தவில்லை. உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்களை அழைத்தனர். பள்ளி விட்டதும் சிறுவர்கள் வந்து ஆடுவர். தம் கருத்தைச் சொல்லுவர் அல்லது எழுதுவர். ஓர் ஆட்டத்திற்கு மூவர் கருத்து அச்சாகும். மூன்றும் ஒத்திருக்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஒருவன் புகழ்வான், அவனுக்குக் கீழேயே மற்றொருவன் ‘எனக்குச் சலிப்பாயிற்று’ என்பான். இரண்டையும் படித்து வாசகன் தன் முடிவுக்கு வருவான். 1986 அளவில் அவ்விதழின் விற்பனை ஓர் இலட்சத்தை எட்டியது.

கருத்துரைக்குக் கீழே ஒரு பட்டியல் இருக்கும். பொறியைப் பயன்படுத்திய திறம், படம், ஆடும் இன்பம், தொடங்குதற்கு எளிமை, விடாது பிடிக்கும் தன்மை, விலைக்குத் தகுதி, மொத்தம் என்று ஒவ்வொன்றிற்கும் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இடப்பெறும். 90க்குமேல் பெற்ற ஆட்டம் தனிச்சிறப்பு முத்திரை பெறும். முப்பதாண்டுகள் விடைத்தாள் திருத்திய எனக்கு இதைக் காணுந்தோறும் ஓர் இளநகை எழும். 91க்கும் 92க்கும் இடையே உள்ள வேறுபாடு யாது என்று கேட்டால், எந்தத் தேர்வாளராலும் நெஞ்சில் கைவைத்து விடை கூற இயலாது. ஆயினும் அந்த ஓர் எண்ணிற்காக மாணவரும் பெற்றோரும் மறுகூட்டலுக்கு விண்ணப்பிப்பதில்லையா? ஆட்டம் எழுதியவர்களும் அப்படித்தான் இதழ்க்காரரோடு வழக்காடினர்.

அப்பட்டியலில் என் மனத்தை உறுத்துவது ஐந்தாம் தலைப்பு. விடாது பிடிக்கும் தன்மை அன்று புகழ்ச்சிக்குரியதாக இருந்தது. எவ்வளவு மிகுதியோ அவ்வளவு மதிப்பெண். உலகச் சுகாதார நிறுவனம் 2022 சனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பகுப்பில், ஆட்டத்தைக் கைவிட இயலாத நிலையை ஒரு கோளாறாகவே சேர்த்துள்ளது. அன்றைய சிறுவர்களைக் குற்றம் கூறுதல் தகாது. நாடாவில் வந்த ஆட்டத்திற்கு முடிவுண்டு. அம்மா விளக்கை அணைத்தால் ஆட்டமும் அணையும். ஆனால் ஒரு தலைப்பை மதிப்பெண் பட்டியலில் எழுதிவிட்டால், ஆக்குவோர் அதனை நோக்கியே ஆக்குவர் என்பதைத் தேர்வுமுறை அறிந்த எவரும் மறுக்கமாட்டார். இன்னொரு குறையும் உண்டு. ஆட்டம் விற்போர் தரும் விளம்பரப் பணத்திலேயே இவ்விதழ்களிற் பல வாழ்ந்தன. விளம்பரம் தந்தவரின் பொருளை அடுத்த பக்கத்தில் குறைகூறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். சிலர்க்கு இருந்தது. எல்லார்க்கும் இருந்தது என்று கூறமாட்டேன்.

மதிப்புரையாளர்க்குச் சோதனையாக வந்த ஆட்டம் ஒன்றினையும் கூறவேண்டும். கேம்பிரிட்ஜில் பயின்ற டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் மாணவர் இருவர் 1984 செப்டம்பரில் ‘எலைட்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். விண்வெளியில் கப்பலோட்டி வாணிகம் செய்வது அதன் பொருள். புள்ளியெண் சேர்த்து முடிக்கும் ஆட்டம் அது அன்று. மூன்று உயிர் இல்லை, முடிவு இல்லை. இத்தகைய ஆட்டத்தை எவர் வாங்குவர் என்று ஒரு நிறுவனம் முன்னரே மறுத்துவிட்டது. 8 விண்மீன் திரள்கள்; திரளுக்கு 256 உலகங்கள்; ஆக 2048 உலகங்கள், ஒவ்வொன்றிற்கும் பெயரும் ஆட்சிமுறையும் விலைவாசியும் உண்டு. பொறியின் நினைவகமோ 32 கிலோபைட்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதனினும் நூறு மடங்கு இடம் கேட்கும். இத்தனை உலகத்தை எங்கே அடைத்தனர்? எங்கும் அடைக்கவில்லை. சில எண்களை விதையாக வைத்து, முன்னுள்ள எண்களைக் கூட்டி அடுத்த எண்ணைப் பெறும் முறையால், வேண்டும்போது உலகத்தை விளைவித்துக்கொண்டனர். விதை ஒன்றாயின் விளைவும் ஒன்றே; ஆதலால் எப்போது சென்றாலும் அதே உலகம் அங்கே இருக்கும். முன்னெண்களைக் கூட்டிச் செல்லும் எண்தொடரை யாப்பிலக்கணத்தின் மாத்திரைக் கணக்கிற்காக 12ஆம் நூற்றாண்டிலேயே ஹேமச்சந்திரர் ஆராய்ந்தார் என்பதைக் கணிதம் பயில்வோர் அறிந்து மகிழலாம். மதிப்புரையாளர்கள் எலைட்டைக் கைவிடவில்லை, பெரிதும் போற்றினர். பழைய அளவுகோலுக்கு அடங்காத பொருள் வந்தபோது கோலை ஒதுக்கிப் பொருளைப் பார்த்தனர். பயிற்சி பெற்ற ஆசிரியனான நான் அதே காலத்தில் அதனைச் செய்யத் தவறினேன்.

எலைட் முதலில் எழுதப்பெற்ற பொறியின் பெயர் ‘பி.பி.சி. மைக்ரோ’. மக்களுக்குக் கணிப்பொறி அறிவைப் புகட்டவேண்டும் என்று பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் வகுத்த திட்டத்திற்காக, கேம்பிரிட்ஜ் ஏக்கார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட பொறி அது. அந்நிறுவனத்தார் 1985இல் உருவாக்கிய ‘ஆர்ம்’ என்னும் செயலியின் வழித்தோன்றல்களே இன்று உங்கள் கைப்பேசிகளில் இயங்குகின்றன. அந்தப் பி.பி.சி. மைக்ரோவே நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. 1984 நவம்பரில் இந்திய அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்தது. 1984-85ஆம் கல்வியாண்டில், சுருக்கமாகக் ‘கிளாஸ்’ எனப்பட்ட பள்ளிக் கணிப்பொறித் திட்டம் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு விரிந்தது.

அப்பள்ளிகளுள் ஒன்றில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், நான் கணித ஆசிரியனாக இருந்தேன். பயிற்சிக்காக 1985 கோடையில் சென்னைக்குச் சென்றேன். மாலை வேளைகளில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் திரிவேன். அங்கே அட்டை கிழிந்த ஆங்கிலக் கணிப்பொறி இதழ் ஒன்று 2 ரூபாய்க்குக் கிடைத்தது. நான் சென்னையை விட்டு வந்த சில நாள்களில், மே 30ஆம் நாள், மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. என் கையில் தங்கிய இதழில் பாதிக்குமேல் ஆட்டங்களும் அவற்றிற்கான மதிப்பெண் பட்டியல்களுமே இருந்தன. ‘வீண் செலவு’ என்று எண்ணி, பள்ளிக் கணிப்பொறி அறையின் மேசை இழுப்பறையில் போட்டுவைத்தேன்.

பொறிகள் இரண்டு வந்தன. அறைக்குத் திரைச்சீலையும் விரிப்பும் போட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே செல்லவேண்டும். கோயிற் கருவறைக்குக் காட்டும் மரியாதை அது. சாவி என் இடுப்பில் இருந்தது. மின்சாரம் இருக்கும்போது மாணவர் ஐவர் ஐவராக வந்து, நான் கரும்பலகையில் எழுதிய நிரலைத் தட்டி, 1 முதல் 10 வரை கூட்டினால் 55 வருவதைக் கண்டு வெளியேறுவர். 55 என்று நானும் அறிவேன், அவர்களும் அறிவர். பொறிக்கு அது தெரியுமா என்று சோதிப்பதே பாடமாயிற்று!

பி.பி.சி. மைக்ரோவோடு வந்த அறிமுக நாடாவில் ஓர் ஆட்டம் இருந்தது. ‘மஞ்சளாற்று நாடு’ என்று அதனைத் தமிழாக்கலாம். ஆற்றங்கரையில் மூன்று ஊர்கள். ஆடுபவன் அவற்றை ஆளவேண்டும். உள்ள மக்களில் எத்தனை பேர் கரையைக் காப்பது, எத்தனை பேர் வயலில் இறங்குவது, எத்தனை பேர் கள்வரைத் தடுப்பது, எத்தனைக் கூடை நெல்லை விதைப்பது என்று பருவந்தோறும் பொறி கேட்கும். கணக்கு பிழைத்தால் வெள்ளம் வரும், கள்வர் வருவர், பஞ்சம் வரும். பள்ளிக்கூடத்தில் ஆட்டம் கூடாது என்பது என் உறுதி. அந்நாடாவை எடுத்துப் பூட்டிவைத்தேன். உயர்நிலை வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் அறையைப் பெருக்கித் துடைக்கும் பொறுப்பை வலிந்து ஏற்றுக்கொண்டு, நாடா இருக்குமிடத்தைத் தெரிந்துகொண்டான். ஏரிப்பாசன நிலம் இரண்டு காணி உடைய உழவரின் மகன் அவன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், மறந்துவைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க நான் திரும்பிச் சென்றபோது, திரையில் மஞ்சளாறு பெருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பழைய இதழ் விரிந்து கிடந்தது. அதனருகே ஒரு நாற்பது பக்க நோட்டு.

“என்னடா இது?” என்றேன்.

“மார்க் போடுறேன் சார்” என்றான்.

அவன் அஞ்சவில்லை, மறைக்கவும் முயலவில்லை. அதுவே என் சினத்தைப் பெருக்கியது. இரண்டு அடி கொடுத்தேன். நோட்டைப் பறித்துக்கொண்டேன். அக்காலத்து ஆசிரியர் செய்தவற்றையே நானும் செய்தேன் என்று கூறித் தப்பலாம். ஆனால் அன்றிரவு அந்நோட்டைப் படித்த பின்னும் நான் அதனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கு என்ன சமாதானம் கூறுவது?

பென்சிலால், தமிழில், இதழில் கண்ட தலைப்புகளைப் பார்த்து அவன் பட்டியல் இட்டிருந்தான். படத்திற்கு 40, ஊர் மூன்றும் ஒன்றுபோல் இருப்பதாகக் குறை. விதைநெல் கணக்கிற்கு 80. விதையைக் குறைத்தால் அடுத்த அறுவடை குறைவது சரி என்று பாராட்டு. அதுவரை இதழைப் பார்த்து எழுதியவன், அதற்குமேல் இதழில் இல்லாத தலைப்புகளைத் தானே உண்டாக்கியிருந்தான். ‘ஊர்க்காரர்’ என்பது ஒன்று. அதற்கு 20 மதிப்பெண். கரைவேலைக்குப் போ என்றால் எல்லாரும் போகிறார்களாம். தன் ஊரில் மதகு திறப்பதற்கே சண்டை வருகிறதாம். ‘கடன்’ என்பது மற்றொன்று. நெல் தீர்ந்தால் இவ்வாட்டத்தில் மக்கள் சாகிறார்கள். எங்கள் வீட்டில் நெல் தீர்ந்தால் அப்பா வட்டிக்கு வாங்குவார். இதைச் செய்தவர்களுக்கு அது தெரியாது என்று எழுதி, மதிப்பெண் இடாமல் கோடு போட்டிருந்தான்.

ராவிட்ச் தம் ஆட்டத்தைத் திருத்தியதை முன்னர்க் கூறினேன். குடியேறிகளின் நாட்குறிப்பைப் புரட்டி, ஆட்டம் வாழ்க்கையோடு ஒக்கிறதா என்று அவர் சோதித்தார். எங்கள் மாணவனுக்கு நாட்குறிப்பைப் புரட்டவேண்டிய தேவையில்லை. வீட்டிற்குப் போனாலே போதும். அவன் தானாகக் கண்ட அத்தலைப்பு லட்லோ இதழின் ஏழு தலைப்புகளில் இல்லை. அவற்றுள் எதுவும் ஆட்டம் உலகத்தைப்பற்றிக் கூறுவது மெய்யா என்று கேட்கவில்லை. அச்சிறுவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். வாங்கலாமா கூடாதா என்பதே அவர்கள் வாசகர் கேட்ட கேள்வி. அதற்கு நேர்மையாக விடை கூறினர். எங்கள் பள்ளியில் வாங்குவார் எவருமில்லை; பொறி அரசினுடையது, நாடா அதனோடு வந்தது. விலைக்கவலை நீங்கிய இடத்தில் ஒரு பையனுக்கு வேறு கேள்வி பிறந்திருக்கிறது. நம் நாட்டிற்குப் பொறிகளைக் கொணர்ந்த திட்டம் நிரல் எழுதக் கற்பிக்கவேண்டும் என்று நினைத்தது. பொறி காட்டுவதை எடைபோடக் கற்பிக்கவேண்டும் என்று என் போன்றோர் எவரும் நினைக்கவில்லை. அப்பாடத்தை ஒருவன் கேளாமலே எழுதிக்கொண்டு வந்தான். நான் பறித்து வைத்துக்கொண்டேன்.

அக்காலத்து ஆட்டங்கள் பெரும்பாலும் நாடாவிலிருந்து உதிர்ந்துகொண்டிருக்கின்றன. காந்தப் பூச்சு நெடுங்காலம் நில்லாது. இதற்குப் பெரியதொரு சான்றும் உண்டு. 1086இல் இங்கிலாந்தில் நிலவுடைமைக் கணக்கெடுத்து எழுதிய ‘டூம்ஸ்டே’ ஏட்டின் 900ஆம் ஆண்டு நிறைவிற்காக, 1986இல் பள்ளி மாணவர் இலட்சக்கணக்கானோர் தம் ஊர்களைப்பற்றி எழுதியவற்றைத் திரட்டி, பி.பி.சி. பொறிகளால் படிக்கத்தக்க ஒளித்தட்டுகளில் பதித்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தட்டுகளைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. அறிஞர்கள் பெரும்பாடுபட்டு மீட்டனர். தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டு ஏட்டினையோ இன்றும் கண்ணால் படிக்கலாம். ஆட்ட மதிப்புரைகளும் இவ்வாறே காகிதத்தில் தங்கியிருக்கின்றன. ஆர்வலர்கள் பழைய இதழ்களை ஒளிப்படி எடுத்து இணையத்தில் சேமித்திருக்கின்றனர். அழிந்துபோன ஆட்டம் ஒன்று எப்படி இருந்தது, அதனை ஆடியவர்க்கு என்ன தோன்றியது என்று அறிய விரும்பும் வரலாற்று மாணவர்க்கு, அந்தப் பதினைந்து வயதுச் சிறுவர்களின் சொல்லே சாசனம்.

எங்கள் பள்ளிப் பொறிகள் 1990களில் பழுதுற்றன. பின்னர் உடைந்த பெஞ்சுகளோடு ஏலத்தில் போயின. நாடா என்ன ஆயிற்று என்று எவரும் கவனிக்கவில்லை. அம்மாணவர் கணிப்பொறித் துறைக்குச் செல்லவில்லை. தந்தையின் நிலத்தையே உழுகிறார். நான் தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றபின், ஒரு திருமணத்தில் அவரைச் சந்தித்து, நோட்டு என்னிடம் இருப்பதைக் கூறினேன். “கொண்டுவந்து தரட்டுமா?” என்று கேட்டேன். “உங்ககிட்டயே இருக்கட்டும் சார். எங்க வீடு ஒழுகுது” என்றார். அடித்ததைப் பற்றி அவர் பேசவில்லை. நான்தான் பேச்செடுத்தேன். பந்திக்கு நேரமாயிற்று என்று என் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

நோட்டு என் அலமாரியில் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘மொத்தம் 100க்கு 55. ஏரி உள்ள ஊராக மாற்றினால் இன்னும் போடலாம்’ என்று இருக்கிறது. அதன் கீழே, நான் பறித்த அன்று சிவப்பு மையால் எழுதியது: ‘வீட்டுப்பாடம் எங்கே?’